மலிவு விலை பிளாஸ்மா கட்டர்: 13 ஆம்பியர் பிளக் எதுவரை தாங்கும்?

ஷாப்பி, லஸாடா, கரோசெல் என்று எந்தத் தளத்தில் தேடினாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பெட்டிகள் வரிசையாக வருகின்றன. கட்-40, கட்-50, கட்-60 என்று பெயர், எண் வெட்டும் ஆம்பியரைக் குறிக்கும். சில நூறு வெள்ளிதான் விலை. 12 மி.மீ. இரும்பை வெட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். படத்தில் நம் வீட்டுச் சுவரில் செருகும் மூன்று முள் பிளக்கும் தெரியும். அதே பக்கத்தில், பெயர் பெற்ற நிறுவனத்தின் 30 ஆம்பியர் இயந்திரம் பல மடங்கு விலை சொல்லி, 10 மி.மீ.தான் வெட்டும் என்று அடக்கமாக நிற்கும். எதை நம்புவது?

இயந்திரத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினால் இந்தக் குழப்பம் தீராது. மலிவான பிளாஸ்மா கட்டர் ஒன்று நன்றாக வெட்டுமா என்பதைச் சிங்கப்பூரில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: சுவரிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும், உள்ளே போகும் காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் கணக்குப் போட்டுவிட்டால் எந்தப் பெட்டி என்பது கடைசியில் வரும் சின்னக் கேள்விதான்.

வெட்டுவது எது?

கையில் பிடித்து வெட்டும் முனைக்கு டார்ச் என்று பெயர். அதற்குள் ஒரு எலெக்ட்ரோடு, அதற்கு முன்னால் நுண்ணிய துளையுள்ள நாசில். எலெக்ட்ரோடுக்கும் வெட்ட வேண்டிய உலோகத்துக்கும் இடையே மின்வில் (ஆர்க்) உண்டாகிறது. அழுத்தக் காற்று அந்த வில்லைத் துளை வழியே நெருக்கித் தள்ளும்போது காற்றே அயனியாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உலோகம் உருகுகிறது, பின்னால் வரும் காற்று உருகியதை ஊதித் தள்ளுகிறது.

கேஸ் கட்டிங்கில் நடப்பது வேறு. அங்கே இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. எஸ்.எஸ். எனும் துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் ஆகியவற்றின் மேல் படியும் ஆக்சைடு, உலோகத்தைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். அதனால் கேஸ் டார்ச் அவற்றிடம் தோற்றுப்போகும். பிளாஸ்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் கடத்தும் எந்த உலோகமானாலும் சரி, இயந்திரத்தின் இன்னொரு கம்பியை உலோகத்தோடு கவ்வவைக்கும் எர்த் கிளாம்ப் சுத்தமான இடத்தில் பிடித்திருந்தால் போதும்.

1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த லிண்டே பிரிவில் இந்த முறை உருவானது. சாதாரணக் காற்றையே வாயுவாகப் பயன்படுத்துவது அதன் பிறகு வந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் டங்ஸ்டன் எலெக்ட்ரோடை அரித்துவிடும் என்பதால், காற்றில் ஓடும் டார்ச்சின் செம்பு எலெக்ட்ரோடு நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒரு பொட்டு அளவுக்குப் பதித்திருக்கும். இந்தப் பொட்டு பின்னால் உங்கள் பணத்தைத் தின்னப்போகிறது.

முதலில், தேவைதானா?

சதுரக் குழாய், ஆங்கிள், தட்டைக் கம்பி ஆகியவற்றை நேராக அறுத்து கேட்டோ ஷெல்ஃபோ செய்பவருக்கு 1 மி.மீ. டிஸ்க் போட்ட கிரைண்டரே போதும். செலவு குறைவு, வெட்டும் சுத்தம். தகட்டில் வளைவு வெட்டுவது, வட்டத் துளை எடுப்பது, பழைய துருப்பிடித்த சட்டத்தைப் பிரிப்பது, எஸ்.எஸ். தகட்டில் வடிவம் எடுப்பது என்று வரும்போதுதான் பிளாஸ்மா தன் விலையைச் சம்பாதிக்கும். வருடத்தில் ஒன்றிரண்டு தகடுதான் என்றால் காக்கி புக்கிட், உபி பக்கத்தில் லேசர் வெட்டித் தரும் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்துவிடுவது மலிவு. விளிம்பும் அதைவிட நன்றாக இருக்கும்.

சுவரில் எவ்வளவு இருக்கிறது?

சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்றிலிருந்து அதிகபட்சம் 13 பெருக்கல் 230, அதாவது ஏறத்தாழ 3 கிலோவாட். இனி இயந்திரம் கேட்பதைப் பார்ப்போம்.

1. பிளாஸ்மா கட்டருக்கான சர்வதேச மின் தரத்தில், வெட்டும் ஆம்பியரை 0.4-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் வருவதைத்தான் மின்வில்லின் வோல்ட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 40 ஆம்பியருக்கு 96 வோல்ட். ஆக வில்லில் மட்டும் 3,840 வாட். நல்ல டார்ச்சுகள் இதைவிட அதிக வோல்ட்டில் ஓடும் என்பதால் இதைக் கீழ்வரம்பாகவே கொள்ளலாம்.

2. உள்ளே வெப்பமாக வீணாவது போக இயந்திரத்தின் செயல்திறன் 85 விழுக்காடு என்று வைத்தால், சுவரிலிருந்து எடுப்பது 4,500 வாட்டுக்கு மேல். அதுவே ஏறத்தாழ 20 ஆம்பியர்.

3. கம்பியில் ஓடும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்குப் போகிறது என்பதைச் சொல்லும் எண் பவர் ஃபேக்டர். இன்வெர்ட்டர் வகையான இந்த மலிவு கட்டர்களில் அதைத் திருத்தும் சுற்று இருக்காது. 0.7 என்று கொண்டால் கம்பியில் ஓடுவது 28 ஆம்பியர்.

4. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 13 ஆம்பியர் பிளக்கில் செருகிய மலிவு இயந்திரம் முறையாக வெட்டக்கூடியது சுமார் 20 ஆம்பியரில். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள இயந்திரமானால் 26, 27 வரை போகலாம்.

அப்படியானால் அந்த விளம்பர வீடியோவில் 13 ஆம்பியர் பிளக்கோடு 40-இல் வெட்டிக் காட்டுகிறார்களே? காட்ட முடியும். பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ், 20 ஆம்பியரில் உடனே உருகிவிடாது, அரை மணி நேரம்கூடத் தாங்கும். 28 ஆம்பியரிலும் ஒரு சின்ன வெட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்குள் பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் உள்முனையும் சூடேறும். பிளாஸ்டிக் பழுப்பாவது இப்படித்தான். விட்டுவிட்டு வெட்டினால் பரவாயில்லை என்பது அரை உண்மை. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீலில் செருகினால் அந்த அரையும் போய்விடும்.

வெட்டும் ஆம்பியர் 20-தான் என்றால் ஏமாற வேண்டியதில்லை. எம்.எஸ். எனும் சாதாரண இரும்புத் தகட்டில் 3, 4 மி.மீ. வரை சுத்தமாகப் போகும். வீட்டு கேட், கிரில், பார்பிக்யூ அடுப்பு, செடித் தாங்கி போன்றவற்றுக்கு வாங்கும் குழாயும் தகடும் பெரும்பாலும் 3 மி.மீ.க்குள் அடங்கும். கட்-50 வாங்கி 20-இல் ஓட்டுவதில் தப்பே இல்லை, நாசில் துளை அந்த ஆம்பியருக்கு ஏற்றதாக இருந்தால் சரி. 50-க்கான பெரிய துளையில் 20 ஆம்பியர் ஓட்டினால் வில் தளர்ந்து வெட்டு அகலும்.

6 மி.மீ.க்கு மேல் அடிக்கடி வெட்டுபவருக்குத் தனி சர்க்கியூட் வேண்டும், அதன் முனையில் 32 ஆம்பியர் நீல நிறத் தொழிற்சாலை சாக்கெட். சுவருக்குள் போகும் அந்த வேலையைச் செய்ய எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் வர வேண்டும். வீட்டின் மெயின் சுவிட்சையும் அவரிடமே கேளுங்கள். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அது 30 ஆம்பியர், பிறகு வந்தவற்றில் 40. ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது அதில் மிச்சம் எதுவும் இருக்காது. ஏர்கானுக்கு வைக்கும் 15 ஆம்பியர் உருண்டை முள் சாக்கெட்டை இதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. கூடுதலாகக் கிடைப்பது அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு.

டார்ச்சுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் தனிக் கணக்கு. 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 8, 9 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாக்கெட்டும் பெரும்பாலும் ஒரே சர்க்கியூட்டில்தான் இருக்கும். கட்டர் வெட்டிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் கிளம்பினால் டிபி எனும் மின்பகிர்வுப் பெட்டியில் டக்கென்று டிரிப் ஆவது இதனால்தான். மின்கசிவுத் துண்டிப்பானான ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் கதை வேறு. இயந்திரத்தின் ஃபில்டரிலிருந்தோ பழுதான கம்பியிலிருந்தோ எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். 1985 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளில் ஏற்கெனவே கட்டாயமாக இருந்த ஆர்சிசிபி, 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்று விரிவாக்கப்பட்டது. அதைத் தாண்டிக் கம்பி இழுத்து வேலை பார்க்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வில் பிறக்கும் முன் பிளாஸ்மா கட்டரின் வெளிமுனை வோல்ட் சாதாரண வெல்டிங் செட்டைவிட மிக அதிகம், 250, 300 வரை போகும். வியர்வையில் நனைந்த கையுறையோடு அதன் பக்கத்தில் நிற்கிறோம்.

விவரக்குறிப்பில் எந்த எண்ணைப் பார்ப்பது?

தடிமனுக்கு ஒரே எண் கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் வெட்டித் துண்டாக்கும் அளவு. அதாவது எப்படியோ பிரிந்துவிடும், விளிம்பு கந்தலாக இருக்கும். நேர்மையான நிறுவனம் தடிமனோடு வேகத்தையும் எழுதும். ஹைப்பர்தெர்ம் நிறுவனத்தின் பவர்மேக்ஸ்30 எக்ஸ்பி, பரிந்துரைக்கும் அளவாக 10 மி.மீ. என்றும் அப்போது வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ. என்றும் சொல்கிறது. துண்டாக்கும் அளவு 16 மி.மீ., வேகம் 125 மி.மீ. மட்டுமே. கை நடுங்காமல் ஒரே சீராக நகர்த்த முடிகிற வேகம் முதலாவதுதான். மலிவு இயந்திரம் 12 மி.மீ. என்று மட்டும் சொன்னால் பாதியை எடுத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பு.

டியூட்டி சைக்கிள் என்பது பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து வெட்டலாம் என்ற கணக்கு. 60 விழுக்காடு என்றால் ஆறு நிமிடம் வேலை, நாலு நிமிடம் ஓய்வு. எந்த ஆம்பியரில், எந்த வெப்பநிலையில் என்பதுதான் கேள்வி. தரநிலைப்படி 40 டிகிரியில் அளக்க வேண்டும். 25 டிகிரியில் அளந்து எழுதியிருந்தால், மதியம் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் இயந்திரத்துக்கு அந்த எண் பொருந்தாது. வீட்டு வேலையில் ஆறு நிமிடம் ஒரே மூச்சாக வெட்டுவது அபூர்வம் என்பதால் இதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை.

வில்லைத் தொடங்கும் முறைதான் இவற்றில் முக்கியம். மிக மலிவானவற்றில் நாசிலை உலோகத்தில் தொட்டுத் தொடங்க வேண்டும். பெயின்ட், துரு இருந்தால் முரண்டு பிடிக்கும், நாசிலும் சீக்கிரம் போகும். பைலட் ஆர்க் இருந்தால் தொடாமலே சின்ன வில் பிறந்து உலோகத்துக்குத் தாவும். ஓட்டைத் தகடு, வலை, துருப்பிடித்த கேட் எல்லாவற்றுக்கும் இதுதான் ஏற்றது. அந்தப் பைலட் வில்லை உயர் அதிர்வெண் பொறியால் தொடங்குபவை பக்கத்திலுள்ள கணினி, கதவு மோட்டார் போன்றவற்றைக் குழப்பக்கூடும். காற்றழுத்தத்தால் எலெக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளித் தொடங்குபவை அந்தக் குழப்பம் இல்லாமல் வேலை செய்யும். பின்னாளில் கணினியே டார்ச்சை நகர்த்தி வெட்டும் சிஎன்சி மேசையில் பொருத்தும் ஆசை இருந்தால் இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

ஆக, எதில் பணம் போடலாம் என்று கேட்டால், கூடுதல் பத்து ஆம்பியரைவிட பைலட் ஆர்க்குக்கே கொடுக்கலாம்.

காற்றில் இருக்கும் தண்ணீர்

வெளிநாட்டு விமர்சன வீடியோக்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடும். அமெரிக்காவின் வறண்ட ஊர்களில் அது ஒரு வரி விஷயம்தான். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல்.

கட்-40 வகை டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 170 லிட்டர் காற்று, 4 முதல் 6 பார் அழுத்தத்தில் வேண்டும். 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 7 கன மீட்டருக்குச் சற்று மேல். 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். ஆக ஒரு மணி நேர ஓட்டத்தில் கம்ப்ரசர் இழுப்பது 170 கிராம் தண்ணீர். காற்றை எட்டில் ஒரு பங்காக நெருக்கி ஆறவிட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு போலத்தான் ஆவியாக நிற்கும், மிச்சம் திரவமாக இறங்கும்.

எங்கே இறங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். சின்ன கம்ப்ரசர் தொடர்ந்து ஓடும்போது தொட்டியே சூடாகிவிடும். சூடான காற்று தண்ணீரை ஆவியாகவே சுமந்துகொண்டு, இயந்திரத்தோடு இலவசமாக வரும் குட்டி ஃபில்டரையும் தாண்டிப்போகும். பிறகு ஹோஸில் ஆறி, டார்ச்சுக்குள் துளியாகும். வில் படபடக்கும், ஹாஃப்னியம் பொட்டு வேகமாகக் குழியும், நாசில் துளை கோணலாகும். இயந்திரம் மட்டம் என்று பலர் முடிவுகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். இயந்திரத்தின் மேல் குற்றமில்லை.

ஃபில்டரை வாங்குவதற்கு முன் காற்றை ஆறவைக்க வேண்டும். வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கம்ப்ரசரிலிருந்து சில மீட்டர் செம்புக் குழாய்ச் சுருள் அல்லது நீண்ட உலோகக் குழாய், சரிவாக. ஒரு வாளித் தண்ணீரில் சுருளை முக்கி வைப்பவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும்.

2. சுருளின் முடிவில் தண்ணீர் பிரிக்கும் டிராப். சூடான தொட்டியின் வாயிலேயே இதைப் பொருத்தினால் பாதிப் பயன்தான்.

3. எண்ணெய் போட்ட கம்ப்ரசரானால் எண்ணெய்த் துளியையும் பிடிக்கும் நுண் ஃபில்டர்.

4. கடைசியாக, இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி. நிறம் மாறியதும் மணிகளை அடுப்பில் வாட்டித் திரும்பப் போடலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத அடுப்பாக இருக்கட்டும்.

தொட்டியின் அடித் திருகைத் திறந்து வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் வடிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

கம்ப்ரசர் பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் அளவு பெரும்பாலும் பிஸ்டன் கணக்கு. உண்மையில் வெளியே தரும் காற்று அதைவிட நன்றாகவே குறையும். வெளிவரும் காற்றளவு என்று தனியாகக் கொடுத்திருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும். அக்கம்பக்கத்துக்காகச் சத்தமில்லாத எண்ணெயற்ற கம்ப்ரசர் வாங்குபவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். சத்தம் குறைவு, காற்றும் குறைவு. கம்ப்ரசரை உள்ளேயே வைத்த கட்டர்களும் கிடைக்கின்றன. தகடு வெட்ட மிக வசதி. ஆனால் அதே 13 ஆம்பியரை வில்லும் பம்பும் பங்குபோட வேண்டும் என்பதால் மெல்லிய வேலைக்கே பொருந்தும்.

தேய்மானச் செலவு

எலெக்ட்ரோடு, நாசில், சுழல் வளையம், வெளிமூடி. இவற்றில் முதல் இரண்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். ஹாஃப்னியம் பொட்டு ஒரு மி.மீ.க்கு மேல் குழிந்தாலோ நாசில் துளை நீள்வட்டமானாலோ இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இங்கேதான் டார்ச் வகை முக்கியமாகிறது. பிடி-31, ஏஜி-60, எஸ்-45 போன்றவற்றுக்கு உதிரிகள் எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. பெயர் தெரியாத டார்ச் என்றால் விற்பவர் கடையை மூடிய அன்றே இயந்திரமும் மூடிவிடும். பெரிய நிறுவன உதிரிகள் ஒன்றுக்குப் பல மடங்கு விலை, ஆனால் அதிக நாள் உழைக்கும். பொழுதுபோக்குக்கு வெட்டுபவருக்கு மலிவு வகை போதும், தினமும் பிழைப்புக்கு வெட்டுபவருக்கு அது சிக்கனமாக இருக்காது. அப்புறம், வெட்டி முடித்ததும் காற்று சில நொடி தானாக ஊதும். டார்ச்சை ஆறவைக்கும் காற்று அது. அது நிற்பதற்குள் சுவிட்சை அணைப்பது கெட்ட பழக்கம்.

எங்கே வைத்து வெட்டுவது?

வீவக வீட்டில் கூடாது. தீப்பொறி பத்து மீட்டர் வரை சிதறும், புகை அடுத்த வீட்டுக்குள் போகும், பொது நடைபாதை உங்கள் பட்டறை ஆகாது. வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்ய அனுமதிக்கும் திட்டத்திலும் வீட்டுப் பயன்பாட்டுக்கு அல்லாத கனரகக் கருவிகளுக்கு இடமில்லை. தரைவீட்டின் திறந்த கார் நிறுத்துமிடம், அல்லது தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த யூனிட், இவைதான் வழி. யூனிட்டானால் அங்கே தீப்பொறி வேலைக்கு அனுமதி உண்டா என்று உரிமையாளரிடம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கண்ணுக்கு 20 முதல் 40 ஆம்பியர் வரை குறைந்தது 5-ஆம் எண் நிழல் கண்ணாடி, அதற்கு மேல் 60 வரை 6. வெயில் கண்ணாடி போதாது. துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டின் புகை காய்ச்சல் வரவைக்கும், எஸ்.எஸ். புகையில் நச்சான குரோமியம் உண்டு. விசிறியை முதுகுப் பக்கம் வைத்துப் புகையை முன்னால் தள்ளுங்கள், உலோகப் புகைக்கான முகமூடியும் வேண்டும். மூடிய டிரம், பழைய பெட்ரோல் டாங்க் எதையும் வெட்டாதீர்கள், காலி என்று தோன்றினாலும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் மருத்துவரைக் கேட்காமல் பக்கத்தில் வரக்கூடாது.

வாங்கும்போது

கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் கழித்துவிடும் பெரிய கட்டர்கள் கரோசெலில் ஆசை காட்டும் விலைக்கு வரும். பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 380 அல்லது 400 வோல்ட், மூன்று ஃபேஸ் என்று இருந்தால் சாதாரண வீட்டு இணைப்பில் ஓடாது. சீனாவிலிருந்து வருவது 220 வோல்ட் என்றால் இங்கே பிரச்சினையில்லை, பிளக்தான் மாறும். மாற்றும்போது சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை உள்ள பிளக்காகப் போடுங்கள். 110 வோல்ட் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்குள் என்றால் பெரிய தளங்கள் விற்கும்போதே பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் இறக்குமதியின்போது கட்ட வேண்டிவரும். உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும் பத்துப் பதினைந்து கிலோ பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் வெல்டிங் கடையில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து ஜாசிக், ரைலேண்ட் போன்ற தெரிந்த பெயரை வாங்குவதன் லாபம் இங்கே புரியும்.

பட்ஜெட்டைப் பிரிக்கும்போது மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கட்டருக்கே போகிறதா என்று பாருங்கள். போனால் கம்ப்ரசரிலும் உலர்த்தியிலும் கை வைக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். அதைவிட ஒரு படி சின்ன கட்டர் எடுக்கலாம். நாசிலும் எலெக்ட்ரோடும் பத்துப் பத்தாக அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். டார்ச் வகை எது என்று விற்பவர் எழுத்தில் உறுதி சொன்ன பிறகு மட்டும்.